துறைமுகம் பெரிது, ஊரில் தங்கும் பணம் எவ்வளவு? திருகோணமலைப் பெருநகரப் பகுதியின் பொருளாதார நலம் குறித்த நிகழ்வு ஆய்வு

திருகோணமலை மாவட்டத்தின் மொத்த உற்பத்தி எவ்வளவு என்று கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு அதிகாரபூர்வமான ஓர் எண் கிடையாது. இலங்கை மத்திய வங்கி ஆண்டுதோறும் வெளியிடுவது மாகாண மட்டக் கணக்கு. நாட்டு உற்பத்தியில் மேல் மாகாணத்தின் பங்கு 40 சதவீதத்துக்கு மேல். கிழக்கின் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம். அந்த 5 சதவீதத்துக்குள் அம்பாறை, மட்டக்களப்பு, திருகோணமலை மூன்றும் ஒன்றாகக் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, அந்த மாகாணக் கணக்கும் கீழிருந்து கூட்டி எடுத்ததல்ல. தேசிய எண்ணைச் சில குறிகாட்டிகளின்படி மாகாணங்களுக்குப் பங்கிட்டு எடுத்தது. அதை மறுபடியும் சனத்தொகைப்படி மூன்று மாவட்டங்களுக்குப் பிரித்து, "திருகோணமலையின் உற்பத்தி" என்று திட்ட அறிக்கையின் முதற் பக்கத்தில் போடுகிற வழக்கம் இருக்கிறது. பங்கிட்டதையே பங்கிட்டால் கையில் வருவது சனத்தொகை விகிதம் மட்டுமே. ஊரின் பொருளாதாரம் அதில் எங்கும் இல்லை.

அந்த எண் இல்லாமலே இந்தப் பகுதியின் நலத்தை அளக்க முடியும். ஆனால் எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். திருகோணமலையில் உற்பத்தியின் பெறுமதியை அளந்தால் திட்டம் ஒரு பக்கம் போகும். இங்கே தங்கும் வருமானத்தை அளந்தால் வேறு பக்கம் போகும். இரண்டுக்கும் இவ்வளவு தூரம் விழும் மாவட்டங்கள் நாட்டில் அதிகம் இல்லை.

எல்லை

மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள், 230 கிராம சேவகர் பிரிவுகள். 2012 குடிசன மதிப்பீட்டில் சனத்தொகை ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம். நகர அபிவிருத்தி அதிகார சபைக்கு ஓர் எல்லை, துறைமுக அதிகார சபைக்கு ஓர் எல்லை, உள்ளூராட்சி மன்றங்களுக்கு வேறு எல்லைகள். பொருளாதாரப் பகுதி இவற்றில் எதனோடும் ஒட்டாது. காலையில் எந்த ஊர் ஆட்கள் எந்த ஊருக்கு வேலைக்குப் போகிறார்கள் என்பதை வைத்தே அதை வரைய வேண்டும்.

நடைமுறையில் செய்வது இது: இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பேருந்துச் சாலைகளில் (டிப்போக்களில்) இருந்தும் தனியார் பேருந்து அனுமதிகளில் இருந்தும் பாதைப் பட்டியலை எடுப்பது, சாதாரண வேலைநாளொன்றில் காலை 6.00 முதல் 8.30 வரை நகருக்குள் வரும் பயணிகளை ஏறிய இடவாரியாக எண்ணுவது. பெரிய வேலைத்தலங்களிடம் ஊழியரின் வதிவிடக் கிராம சேவகர் பிரிவைக் கேட்டு வாங்குவது. ஒரு பிரிவின் உழைப்பாளரில் 15 முதல் 20 சதவீதத்தினர் மையத்தில் வேலை செய்தால் அது பெருநகரப் பகுதிக்குள் வரும். இந்த அளவுகோல் வேதவாக்கு அல்ல. ஆனால் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் பத்து ஆண்டுக்கு மாற்றக் கூடாது. இடையில் மாற்றினால் வளர்ந்தது ஊரா எல்லையா என்று பிரித்துச் சொல்ல இயலாது.

2009க்கு முந்திய எல்லை வரைபடங்கள் எதற்கும் உதவா. அந்த ஆண்டு திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம், பாதையில் (மிதவைப் படகில்) ஏறி நீர் கடந்த ஊரை நகரின் புறநகராக்கிவிட்டது. ஏ15 வீதியின் மற்றப் பாலங்களோடு மூதூரும் கரைவழியாக நகருக்கு நெருங்கியது. மறுபுறம் பதவிசிறிபுரவின் சந்தைத் தொடர்பு அநுராதபுர மாவட்டத்தோடு. அதைப் பெருநகரக் கணக்கில் சேர்ப்பது வெறும் நிர்வாக மரியாதை. குச்சவெளிப் பிரிவுதான் சிக்கல். நிலாவெளி ஹோட்டல்களும் நகரிலிருந்து 50 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள புல்மோட்டை கனிய மணலும் ஒரே பிரதேச செயலகத்துக்குள் வருகின்றன. அந்தப் பிரிவைக் கிராம சேவகர் மட்டத்தில் உடைத்து, தெற்குப் பாதியை உள்ளேயும் புல்மோட்டையைத் தனி முனையாகவும் வைப்பதே சரி. கந்தளாயை இணைமையமாகத் தனியே கணக்கிடலாம்.

ஆட்கணக்கு

துறைவாரி வேலைவாய்ப்புக்கு இருக்கும் முதன்மை மூலம் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை மதிப்பீடு. மாவட்ட மட்டத்தில் நம்பத்தக்கது அதன் ஆண்டறிக்கை மட்டுமே. காலாண்டு எண்களை மாவட்டத்துக்கு இறக்கக் கூடாது. ஆண்டு மாதிரியிலும் திருகோணமலைக்கு விழும் வீடுகள் குறைவு. ஆகவே மூன்று ஆண்டுகளைச் சேர்த்துச் சராசரி எடுத்து, துறைகளை ஏழு எட்டுத் தொகுதிகளாகச் சுருக்க வேண்டும். வேலையின்மை ஓர் ஆண்டில் ஒரு புள்ளி ஏறியது, மறு ஆண்டில் இறங்கியது என்று விளக்கம் எழுதுவதில் பொருளில்லை. பெரும்பாலும் அது மாதிரியின் ஆட்டம்.

அதன் பிறகு அமைவிட ஈவு. மாவட்டத்தில் ஒரு துறையின் வேலைப் பங்கை, நாட்டில் அத்துறையின் வேலைப் பங்கால் வகுப்பது. கணக்குப் புரிவதற்கு மட்டும் சில கற்பனை எண்கள்: மாவட்டத்தில் 100,000 பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் 8,000 பேர் மீன்பிடியில் என்று வைப்போம். நாட்டில் அத்துறையின் பங்கு 3 சதவீதம் என்றால் ஈவு 8 வகுத்தல் 3, அதாவது 2.67. தேசிய விகிதப்படி 3,000 பேர் இருந்தாலே உள்ளூர்த் தேவைக்குப் போதும். மிகுதி 5,000 பேர் வெளியூருக்காக உழைக்கிறார்கள் என்று கொள்கிறோம். இப்படி எல்லாத் துறையிலும் மிகுதியைக் கூட்டினால் வருவது அடித்தள வேலை. மொத்த வேலையை அதனால் வகுத்தால் பெருக்கி, அதாவது வெளியூருக்காக உழைக்கும் ஒரு வேலைக்கு ஊரில் மொத்தம் எத்தனை வேலை என்ற எண்.

பாடப்புத்தகத்தில் இது வழுக்கிக்கொண்டு போகும். திருகோணமலையில் நான்கு இடங்களில் தட்டுகிறது.

படைத்துறையில் முதலில். கிழக்குக் கடற்படைக் கட்டளை, கடற்படைத் தளம், சீனன்குடா விமானப்படைத் தளம் எல்லாம் இங்கே. தொழிற்படை மதிப்பீடு வீடுகளை அடிப்படையாகக் கொண்டது. முகாமில் தங்கியிருப்போர் அதில் விழ மாட்டார்கள். அவர்கள் நகரில் செலவழிக்கும் பணமோ கடைத்தெருவில் தெரியும். வேலைக் கணக்கில் இல்லாத அடித்தளம் விற்பனைக் கணக்கில் இருப்பதால் பெருக்கி ஊதிப்போகிறது.

இரண்டாவது, அரச நிர்வாகம். கிழக்கு மாகாணத்தின் தலைநகர் என்பதால் மாகாண அமைச்சுகளும் திணைக்களங்களும் இங்கே குவிந்துள்ளன. இது உண்மையான அடித்தளத் துறை. சம்பளம் வெளியிலிருந்து வருகிறது. ஆனால் உத்தியோகத்தர் ஒரு பகுதியினர் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கத்தவர். வெள்ளி பின்னேரம் வண்டியேறுகிறவர்கள். அவர்களுடைய சம்பளத்தில் வாடகையும் வாரநாட் சாப்பாடும் மட்டுமே இங்கே நிற்கும்.

வெளிநாட்டு உழைப்பு அடுத்தது. கிண்ணியா, மூதூரில் இருந்து வளைகுடாவுக்குப் போனவர்கள் அனுப்பும் பணம் எந்த உள்ளூர்த் துறையிலும் வேலையாகப் பதிவாவதில்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் மாவட்டவாரிப் புறப்பாட்டு எண்ணையும் வீட்டு வருமான செலவு மதிப்பீட்டில் உள்ள வருமான வகைகளையும் பார்த்தால்தான் இது பிடிபடும்.

நான்காவதுதான் பெரியது: பெரிய ஆலைகளை ஆட்கணக்கு சிறிதாகவும் விற்பனைக் கணக்கு பூதாகரமாகவும் காட்டுவது.

நூறு ரூபாயில் எவ்வளவு நிற்கிறது

சீனன்குடாப் பக்கம் 1980களிலிருந்து கோதுமை மா ஆலையும் சீமெந்து ஆலையும் இயங்குகின்றன. கப்பலில் கோதுமை வருகிறது, மாவாகி ரயிலிலும் லொறியிலும் நாடெங்கும் போகிறது. கப்பலில் கிளிங்கர் வருகிறது, அரைபட்டுச் சீமெந்தாகப் போகிறது. இரண்டுக்கும் திருகோணமலை தருவது ஆழமான நீர், இறங்குதுறை, காணி. மூலப்பொருள் வெளியே, சந்தை வெளியே, தலைமையகமும் வெளியே. புல்மோட்டையில் நிலைமை தலைகீழ்: மூலப்பொருள் நம்முடையது, மணலில் உள்ள இல்மனைற்றைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டாக்கும் இலாபமான கட்டம் வேறு நாட்டில் நடக்கிறது.

இதற்கு வைக்கும் அளவு தங்கும் விகிதம். ஒரு நிறுவனத்தின் 100 ரூபாய் விற்பனையில், இப்பகுதியில் வசிப்போருக்குப் போகும் கூலி, இப்பகுதியில் உற்பத்தியான பொருள் சேவைக்குக் கொடுத்தது, உள்ளூராட்சி வரி, இங்கேயே வாழும் உரிமையாளரின் இலாபம் ஆகிய நான்கின் கூட்டுத்தொகை. மறுபடியும் கற்பனை எண்கள்தான்: ஆலையொன்று 100 கோடிக்கு விற்கிறது, தங்குவது 4 சதவீதம், 4 கோடி. சின்ன விருந்தினர் விடுதிகள் பல சேர்ந்து 10 கோடிக்கு விற்கின்றன, தங்குவது 55 சதவீதம், 5.5 கோடி. விற்பனையில் பத்து மடங்கு பெரியது, தங்கும் பணத்தில் சிறியது. உண்மை விகிதங்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவற்றைக் கேட்டு எடுக்காத அறிக்கை, எத்தனை பக்கம் இருந்தாலும், பாதி வேலைதான்.

கேட்கும் விதம் முக்கியம். "உள்ளூரில் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்றால் திருகோணமலைக் கடையில் எழுதிய பற்றுச்சீட்டெல்லாம் உள்ளூர் என்று பதில் வரும். கடை உள்ளூர், சரக்கு தம்புள்ளையிலோ கொழும்பிலோ இருந்து வந்தது. அப்படிப்பட்ட கொள்வனவில் கடைக்காரரின் இலாபத்தையும் ஏற்றிறக்குக் கூலியையும் மட்டுமே எடுக்க வேண்டும். ஊழியரைக் கேட்கும்போது நிரந்தர ஆட்களோடு ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் ஆட்களையும் தனியாகக் கேட்க வேண்டும். வாயிலில் நிற்கும் காவலாளியும் பொதி ஏற்றுபவரும் ஆலையின் சம்பளப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். லொறிகளுக்கு முன்பு ஓர் எளிய வழி இருந்தது: ஆலை வாயிலில் ஒரு நாள் நின்று, இலக்கத் தகட்டில் உள்ள மாகாண எழுத்தைக் குறித்தால், கூலி எந்த மாகாணத்துக்குப் போகிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும். 2023இலிருந்து புதிய தகடுகளில் மாகாண எழுத்து இல்லை. இனிச் சாரதியிடம் உரிமையாளரின் ஊரைக் கேட்டே எழுத வேண்டும்.

ஊழியர் சேமலாப நிதிப் பதிவையும் வருமான வரிப் பதிவையும் நம்பி இந்தக் கணக்கைச் செய்ய முடியாது. பதிவு முகவரி கொழும்பு என்றால் சீனன்குடா ஊழியர் கொழும்புக் கணக்கில் தோன்றுவார்.

தங்கும் விகிதத்தைக் கூட்டும் வழியும் இதே கணக்கில் கிடைக்கிறது. சீமெந்து ஆலை தன் உயிர்த்திணிவு மின்நிலையத்துக்குக் கிளிரிசிடியா விறகும் உமியும் கொள்வனவு செய்வது நல்ல உதாரணம். எரிபொருளாக வெளியே போயிருக்கக் கூடிய பணத்தில் ஒரு பகுதி வேலியோரம் கிளை வெட்டும் விவசாயியின் கைக்குப் போகிறது. கிளிங்கரை இங்கே உற்பத்தி செய்ய முடியாது, விறகை முடியும். புதிய ஆலை தேடி ஓடுவதை விட, இருக்கும் ஆலையின் செலவுப் பட்டியலை வரிக்கு வரி வாசித்து, எந்த வரியை இந்தப் பகுதியால் நிரப்ப முடியும் என்று பார்ப்பது மலிவான திட்டமிடல்.

நெல்லிலும் மீனிலும் பணம் வெளியே ஒழுகும் விதம் வேறு. கந்தளாய், அல்லை, தம்பலகாம நெல்லில் பெரும்பகுதி ஈர நெல்லாகவே பொலனறுவை ஆலைகளுக்குப் போகிறது. காரணம் விலை மட்டுமல்ல. அறுவடை இயந்திரம் வந்த பின் எல்லா வயலும் ஒரே கிழமையில் முடிகிறது, காயவிடத் தளமும் களஞ்சியமும் போதாது, கடன் தந்த வியாபாரி களத்திலேயே நிற்கிறார். இந்த இடத்தில் இன்னோர் அரிசி ஆலை கட்டினால் அது ஆண்டில் சில வாரங்கள் ஓடிவிட்டுப் படுத்துவிடும். முதலில் வேண்டியது உலர்த்தியும் களஞ்சியமும், களஞ்சியச் சீட்டை வைத்துக் கொடுக்கும் கடனும். மீனில் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறங்குவது ஐஸ் பெட்டியில் கொழும்பை அடுத்த பேலியகொடை மீன்சந்தைக்குப் போய், அதன் விலையில் ஒரு பங்கு திரும்பி வருகிறது. அங்கே முட்டுக்கட்டை ஐஸ், குளிர்களஞ்சியம், தரம்பிரித்தல்.

பெருக்கியைப் பற்றி ஒரு வார்த்தை. வேலைக் கணக்கில் 4 என்று வந்த பெருக்கியைத் தூக்கிக்கொண்டு "ஒரு வேலை நான்கு வேலையாகும்" என்று எழுதுவது வழக்கம். தங்கும் விகிதத்தால் சோதித்தால் அது நிற்பதில்லை. உள்ளூரார் கையில் விழுந்த 100 ரூபாயில் அடுத்த சுற்றில் 30 ரூபாய் மட்டும் இங்கே செலவாகித் தங்கினால், பெருக்கி 1 வகுத்தல் 0.7, அதாவது 1.43. நாற்பது தங்கினாலும் 1.67 தான். காய்கறி தம்புள்ளையிலிருந்து, உடுப்பு கொழும்பிலிருந்து வரும் ஊருக்கு 2ஐத் தாண்டிய பெருக்கி என்றால் சந்தேகப்பட வேண்டும்.

எந்த மாதத்தில் கேட்டது?

கிழக்குக் கரையின் நாட்காட்டி மேற்கோடு ஒத்துப்போகாது. வடகீழ்ப் பருவக்காற்றில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கடல் கொந்தளிப்பு, விடுதிகள் காலி. ஏப்ரல் மேயிலிருந்து செப்டம்பர் வரை கடல் அமைதி. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் அறை நிரம்பும், புறாத்தீவுக்குப் படகு ஓடும், மேற்குக் கரை மீனவரும் இங்கே வந்து வாடி (தற்காலிகக் குடில்) போடுவார்கள். பெரும்போக அறுவடை பெப்ரவரி மார்ச்சில், சிறுபோக அறுவடை ஆகஸ்ட் வாக்கில்.

ஆகவே ஆகஸ்டில் வீட்டுக் கணக்கெடுப்பு நடத்தினால் ஹோட்டல், மீன்பிடி, அறுவடை மூன்றும் உச்சத்தில் நிற்கும். ஊரில் வேலையில்லாதவரே இல்லை என்று தோன்றும். நவம்பரில் நடத்தினால் நேர்மாறு. குறைந்தது பெப்ரவரி, ஆகஸ்ட், நவம்பர் என மூன்று சுற்று வேண்டும். அதே வீடுகள், அதே கேள்விகள். பருவ மீனவரை வதிவாளர் கணக்கில் சேர்க்காமல் வருகையாளராகத் தனியாக எழுத வேண்டும். அவர்கள் வாங்கும் எரிபொருளும் ஐஸும் மட்டும் உள்ளூர் வருமானம்.

ஒப்பிடும் ஆண்டைத் தேர்வதும் இதே வகைத் தொல்லை. 1981க்குப் பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இல்தான். 2001 கணக்கெடுப்பு திருகோணமலையில் முழுமையாக நடக்கவில்லை. அடுத்தது 2024. வீட்டு வருமான செலவு மதிப்பீட்டுக்கு 2019 கைக்கெட்டும் ஆண்டு, ஆனால் அவ்வாண்டு ஏப்ரலில் நடந்த ஈஸ்டர் குண்டுத் தாக்குதல் கிழக்கின் சுற்றுலாப் பருவம் தொடங்கும் நேரத்தில் விழுந்தது. மேற்குக் கரைக்கு அது பருவத்தின் வால், இங்கே தலை. 2020இல் பெருந்தொற்று, 2022இல் எரிபொருள் வரிசை. 2019ஐ அடிப்படையாக வைத்தால், நெருக்கடிகள் நீங்கியபின் வரும் வெறும் மீட்சியும் வளர்ச்சியாகத் தெரியும். 2016 மதிப்பீட்டோடு சேர்த்து இரட்டை அடிப்படை வைப்பது நேர்மையானது.

அறிவித்த திட்டமும் நடந்த திட்டமும்

பெருநகரத் திட்டங்களில் அடிக்கடி விழும் பிழை, கையெழுத்தான முதலீட்டை வேலையாக எண்ணிவிடுவது. சம்பூரைப் பார்க்கலாம். 2006 சண்டையில் இடம்பெயர்ந்த மக்களின் நிலத்தில் ஒரு பகுதி விசேட கைத்தொழில் வலயத்துக்கும் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையத்துக்கும் ஒதுக்கப்பட்டது. வலயக் காணி 2015இல் விடுவிக்கப்பட்டது. நிலக்கரித் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அங்கே சூரிய மின்நிலையத்துக்கான வேலை தொடக்கிவைக்கப்பட்டது. வருமென்று எண்ணிய வேலைகள் அந்த ஆண்டுகளில் வரவில்லை. அந்த வயலிலும் கரையிலும் உழைத்திருக்கக் கூடிய வருமானமும் இல்லாமற் போனது. இந்த இரண்டாவது இழப்பு எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவாக எழுதப்படுவதில்லை. எழுத வேண்டும்: ஒதுக்கிய ஏக்கர், அதில் முன்பிருந்த போகங்களின் நிகர வருமானம், ஆண்டு.

எண்ணெய்க் குதங்கள் (சேமிப்புத் தாங்கிகள்) மற்றொன்று. பிரித்தானியர் கட்டிய 99 குதங்கள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கன மீற்றர். 2022 ஜனவரி உடன்படிக்கையின்படி 14 இந்தியன் ஒயிலின் துணை நிறுவனமான லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. அதில் கூட்டுத்தாபனத்தின் பங்கு 51 சதவீதம். எண்ணெயைத் தேக்கிவைப்பது நிலத்தை அதிகமும் ஆளைக் குறைவாகவும் பிடிக்கும் தொழில். திருத்தும் காலத்தில் ஒட்டுநர், வர்ணம் பூசுவோர் என வேலை வரும், முடிந்ததும் சில பேரோடு ஓடும். ஊருக்கு வருமானம் வர வேண்டுமானால் கப்பலுக்கு எரிபொருள் நிரப்புதல், உணவுப்பொருளும் நன்னீரும் வழங்கல், சிறு பழுதுபார்த்தல் போன்றவை பக்கத்தில் வளர வேண்டும். குதத்தின் எண்ணிக்கை அவற்றைத் தானாகக் கொண்டுவராது.

எனவே திட்டங்களைப் படிநிலையில் வைத்து எடை போடுவது நல்லது. புரிந்துணர்வு உடன்படிக்கைக்கு எடை பூச்சியம். காணி கைமாறி, சுற்றாடல் அனுமதியும் கிடைத்தால் கால் பங்கு. நிதி உறுதியானால் பாதி. நிலத்தில் வேலை தொடங்கினால் மட்டும் முழுமை. அதிலும் கட்டுமான வேலையும் இயக்க வேலையும் தனித்தனி வரிசையில். இப்படி எடை போட்டால் திருகோணமலையின் பத்தாண்டு வேலைக் கணிப்பு கண்ணில் படும்படி சுருங்கும். பாடசாலைக்கும் தண்ணீருக்கும் வீட்டுக்கும் இடம் ஒதுக்கும் ஒருவருக்குச் சுருங்கிய எண்தான் தேவை.

தண்ணீரைச் சொன்னால் கந்தளாய்க் குளத்தைச் சொல்ல வேண்டும். நகரின் குழாய்நீரும் கந்தளாய் வயலும் அதே குளத்தை நம்பியிருக்கின்றன. 1986 ஏப்ரலில் அந்த அணை உடைந்தது. ஹோட்டல் உச்சமும் சிறுபோகமும் ஒரே மாதங்களில் விழுவதால், புதிய அறை ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் லீற்றர் கணக்கை ஆகஸ்டு நீர்மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். ஆண்டுச் சராசரி இங்கே ஏமாற்றும். கரையோரக் காணிக்கு வேறு கட்டு: 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து உள்ளே 300 மீற்றர் வரை கரையோர வலயம், அதற்குள் தனி அனுமதி. இதோடு துறைமுகம், படை, வனம், தொல்பொருள் ஆகியவற்றின் காணிகளையும் கழித்தால் வரைபடத்தில் வெற்றாகத் தெரிவதில் கொஞ்சமே மிஞ்சும். கழிக்காமல் வலயம் வரைவதால்தான் அனுமதிக் கட்டத்தில் திட்டங்கள் படுக்கின்றன.

மாதாமாதம் பார்க்க

பெரிய மதிப்பீடுகளுக்கு இடைப்பட்ட காலத்தில் கைகொடுப்பவை நிர்வாகப் பதிவுகள். அவற்றில் சிறந்தது மின் பாவனை. மின்சார சபை வீடு, கைத்தொழில், ஹோட்டல், பொதுத்தேவை என்று வகைபிரித்துப் பட்டியல் போடுகிறது. ஹோட்டல் வகை அலகுகளைச் சென்ற ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டால் பருவம் எப்படிப் போகிறது என்பது ஒரு மாதத் தாமதத்தில் தெரிந்துவிடும். ஓர் எச்சரிக்கை: கூரையில் சூரியத் தகடு போட்டவர்களின் அலகு குறையும், அது தொழில் குறைந்ததாக அர்த்தமில்லை, அவர்களைத் தனியே பிரிக்க வேண்டும். வீட்டை விடுதியாக்கியவர்கள் வீட்டு வகையிலேயே இருப்பார்கள். மின் பிரதேச எல்லையும் பிரதேச செயலக எல்லையும் ஒன்றல்ல என்பதால் மாற்று அட்டவணை ஒன்றை ஆரம்பத்திலேயே செய்து வைப்பது பின்னால் தலைவலியைக் குறைக்கும்.

காணிக் கைமாற்றத்தின் முத்திரை வரி, கட்டட அனுமதியின் சதுர அடி, கொட்பேயில் இறங்கிய மீன் கிலோ, சீனன்குடாவிலிருந்து புறப்பட்ட சரக்கு ரயில் பெட்டிகள், ஏ6இல் கந்தளாயிலும் ஏ12இல் பன்குளத்திலும் ஏ15இல் வெருகலிலும் காலாண்டுக்கு ஒரு நாள் லொறி எண்ணிக்கை: இவ்வளவு போதும். லொறி எண்ணும்போது சுமையோடு போகிறதா வெறுமையாகப் போகிறதா என்று குறிக்காவிட்டால் எண்ணியதில் பாதிப் பயன்தான். நகருக்குள் நிறைந்து வந்து வெறுமையாகத் திரும்பும் லொறியின் விகிதம், இப்பகுதி வெளியே விற்பதை விட வாங்குவது எவ்வளவு அதிகம் என்பதை வேறு எந்த அட்டவணையை விடவும் சீக்கிரம் காட்டும்.

இவற்றை யார் சேர்த்து வைப்பது என்பதில்தான் பெரும்பாலும் வேலை நின்றுபோகிறது. கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) திட்டமிடல் பிரிவு ஆண்டுக் கையேட்டைச் செய்கிறது. மாகாணத் திட்டமிடல் செயலகம் தனியே, நகர அபிவிருத்தி அதிகார சபை தனியே. ஒரே ஆண்டுக்கு ஒரே பிரிவின் மூன்று சனத்தொகை எண்கள் சுற்றுகின்றன. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவின் முன் வைக்கும் அட்டவணை கச்சேரியிலேயே பராமரிக்கப்பட வேண்டும், மற்ற இரண்டும் அதிலிருந்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் எந்த எல்லை, எந்த மாதம், யார் தந்தது என்ற மூன்று நிரல்களும் நிரம்பியிருக்க வேண்டும். நிரல் வெறுமையாக இருக்கும் எண்ணைத் திட்டத்தில் எடுக்காமல் விடலாம்.